சிலபஸில் இல்லாத மரம்

பொழுது சாய்ந்ததும் தூங்குமூஞ்சி மரம் இலைகளை மூடிக்கொள்கிறதே... அதனால் மரத்துக்கு என்ன லாபம்?

எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்டவள் கலா — மேற்கு மாம்பலத்திலிருந்து மயிலாப்பூருக்கு பஸ்ஸில் வரும் பி.எஸ்ஸி. மாணவி.

போன மாதம் ஒரு நாள் வகுப்பில் நோட்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். நான் தயாரித்ததல்ல. நான் படித்தபோது என் லெக்சரர் வாசிக்க, நான் எழுதிக்கொண்ட அதே நோட்டு! இலைக்காம்பின் அடியில் உள்ள செல்களில் தண்ணீர் குறைகிறது, இலை மடிகிறது, ஃபுல்ஸ்டாப். கலா எழுந்தாள்.

"எப்படி மூடுதுன்னு சொன்னீங்க மேடம். எதுக்கு மூடுது?"

நோட்டைப் புரட்டினேன். இல்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"அது சிலபஸில் இல்லை. உட்கார்."

"அதுக்கும் பாட்டனி கிளாஸ்னா தூக்கம் வருதோ என்னமோடி!" — கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. நானும்தான். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதன்பிறகு கலா வாயே திறக்கவில்லை.

சென்ற வாரம் மீட்டிங் முடிந்து நான் வெளியே வர ஐந்தே முக்கால். பஸ் ஸ்டாப்பில், தூங்குமூஞ்சி மரத்தடியில் கலா. மாம்பலம் பஸ் வந்தது, போனது. அவள் ஏறவில்லை. அண்ணாந்து பார்க்கிறாள், வாட்சைப் பார்க்கிறாள், எழுதுகிறாள். எட்டிப் பார்த்தேன். பத்து நாள் குறிப்பு! வெயில் நாளில் எத்தனை மணிக்கு மூடியது, மேகமூட்டமான நாளில் எவ்வளவு முன்னதாக மூடியது...

"என்னம்மா இது?"

சட்டென்று நோட்டை மூடினாள். "சும்மா மேடம். சிலபஸ்ல இல்லாதது."

குத்திக்காட்டவில்லை. பயந்து சொன்னாள்.

மறுநாள் நோட்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். "கலா கேட்டதற்கு அன்றும் எனக்கு விடை தெரியாது, இன்றும் தெரியாது. சேர்ந்து யோசிப்போமா?" என்றேன். முதல் பெஞ்ச் வாய் திறந்தது.

"மேடம், இது பரீட்சைக்கு வருமா?"

"இன்னும் மூணு சாப்டர் பாக்கி மேடம்..."

அவர்கள் பயமும் நியாயம்தானே? மார்ச்சில் யூனிவர்சிட்டி பரீட்சை. போர்ஷன் முடியாவிட்டால் மார்க் போவது அவர்களுக்கு. கலாவோ குனிந்த தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் மூன்று வயதுப் பிள்ளை. "ரசம் ஏம்மா சுடுது?"

"பேசாம சாப்பிடு."

சொன்ன பிறகு, சாதம் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. இவனையும் நானே உட்கார வைக்கிறேனோ?

வாசகர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், தாய்மார்கள் இருப்பீர்கள். போர்ஷனையும் முடித்து, கேள்விக்கும் நேரம் விடுவது எப்படி? ஒரு தடவை உட்கார வைத்துவிட்ட பெண்ணை மறுபடி எழுந்து நிற்க வைப்பது எப்படி? ஒரு கார்டு போடுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள், பரவாயில்லை.

'சிலபஸில் இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்!