பாதியில் நின்ற கொப்பி

அந்த நீல மட்டைக் கொப்பி இன்னும் என் அலுமாரியில்தான் கிடக்கிறது. இடப்பக்கத்தில் என் கையெழுத்தில் தமிழ். வலப்பக்கத்தில் அந்த வெள்ளைக்காரப் பெண் பத்திரிகையாளரின் ஆங்கிலம். கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் என் ஸ்கூட்டியில் ஏறி, வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவுக்கு வருவார். அங்கே ஓர் அக்கா. யுத்த காலத்தில் வந்தவர்கள் மகனைப் பிடித்துக்கொண்டு போன நாளை இத்தனை வருசமாக ஒருவரிடமும் முழுதாகச் சொல்லாதவர், இவரிடம் சொல்லத் தொடங்கியிருந்தார். ஒரு வசனம் சொல்வார். பிறகு வெகுநேரம் முற்றத்துக் கோழிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். பத்திரிகையாளர் அவசரப்படுத்தமாட்டார். மொழிபெயர்க்கப் போன எனக்குத்தான் பொறுமையில்லை.

விசா முடிய இருந்தது. நீடிப்புப் படிவத்தை என் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் நிரப்பினோம். தொழில் என்ற இடத்தில் ஆசிரியை என்று போடப் பார்த்தார்; முன்பு படிப்பித்தவர்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். இருபது வருசம் பிள்ளைகளின் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? உள்ளதை எழுதுங்கள், பொய் எழுதினால் பிறகு கரைச்சல் என்று பெரிய நியாயவாதிபோலச் சொன்னேன். பத்திரிகையாளர் என்றே எழுதினார். கொப்பியை என்னிடம் தந்துவிட்டு, படிவத்தைக் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்து இரண்டு நாளில் வருவதாகக் கொழும்புக்குப் பஸ் ஏறினார். சுற்றுலா விசாவில் வந்து செய்தி சேகரித்தீர்களா என்று கேட்டு, அங்கிருந்தே விமானம் ஏற்றிவிட்டார்கள். என் வாயை என்ன சொல்ல! அதன்பிறகு மூன்று தடவை விண்ணப்பித்தார். மூன்று தடவையும் இல்லையென்றே பதில். காரணம் மட்டும் வரவில்லை.

மிச்சத்தை எனக்காவது சொல்லுங்கள், நான் எழுதி அனுப்புகிறேன் என்று அக்காவிடம் கெஞ்சினேன்.

"வேணாம் டீச்சர். அவ எழுதிப்போட்டுப் போயிருவா. நீங்க இஞ்ச இரிக்கிற ஆள். எழுதினது நீங்க எண்டு தெரிஞ்சா உங்களத்தான் தேடி வருவானுகள்."

"அப்ப போனில அவவோட கதைங்களன் அக்கா."

"போனிலயா? விசர்க் கதை கதைக்காதீங்க. ஆர் ஆர் கேட்டுக்கொண்டிரிப்பானுகளோ!"

போன கிழமை பார்க்கப் போனேன். இருமல் கூடிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். படுத்தபடியே கேட்டார்:

"அந்தப் புள்ளைக்கு விசா குடுத்தானுகளா?"

"இல்லக்கா."

"அப்ப இன்னும் கொஞ்சக் காலம் நான் இரிக்கத்தான் வேணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் அழக்கூடாதென்று வெளியே வந்து ஸ்கூட்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன். இடப்பக்கத்தில் கடைசி வரி: 'கதவத் தட்டினாங்க, மகன்தான் போய்த் திறந்தவன்.' பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அதற்குக் கீழே எழுத எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.