எழுதாமல் படிக்கும் வழி

பழுது பார்க்கிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: எல்லாம் ஒழுங்காக ஓடுகிறவரை நம்மை யாரும் தேட மாட்டார்கள்.

நான் பழுது பார்ப்பது லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கான ஒரு லைப்ரரி. டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று தேடவும், கெட்டுப்போன டிஸ்க்கைச் சரிசெய்யவும் மற்ற புரோகிராம்கள் இதைத்தான் கூப்பிடும். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திட்டலாம். ஆரம்பித்தவர் விலகிவிட்டார். ஆறு வருஷமாக விருதுநகரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். கீழே அத்தாவின் மிளகாய் வத்தல் குடோன் என்பதால் தும்மிக்கொண்டேதான் பிழை திருத்துவேன். அடுத்தவர் எழுதிவைத்துவிட்டுப் போனதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு இதெல்லாம் புரியும்.

என்ன வேலை?

ஒரு சான்றிதழுக்காக சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலர், "லைப்ரரின்னா எந்த லைப்ரரி? பஸ் ஸ்டாண்டுப் பக்கமா?" என்றார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "நீங்களே எழுதுனதா?" என்றார். "இல்லை சார், வேறொருத்தர் எழுதினது. நான் ரிப்பேர் பண்றேன்" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

"அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. மெக்கானிக்குன்னு போட்டுக்கிடுறேன்!"

ரெண்டு மயில்

பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் சிவகாசி அச்சகம் ஒன்றில் கனகராஜ் அண்ணன் டிசைனர். சீசன் நேரத்தில் போனில் பேசினார். நகல் எடுத்துவைத்த டிஸ்க்கில் ரெண்டு மயில் லேபிளுக்குப் பதில் ஒன்றுதான் இருக்கிறதாம். பார்த்தால், அவர் கோப்புக்கு வைத்திருந்த பெயர்: 'ஓனர் வேண்டாம்னு சொல்லிட்டு மறுபடி கேட்ட மயில் தோகை பெருசு பண்ணது'. இன்னொன்று அதே பெயர், முடிவு மட்டும் 'தோகை சின்னது பண்ணது'.

தப்பு எங்கள் லைப்ரரியில். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், புள்ளிக்கும், கொம்புக்கும் கம்ப்யூட்டர் மூன்று மூன்று இடம் எடுத்துக்கொள்ளும். லைப்ரரியின் ஒரு மூலையில் நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டன. வால் போனதும் ரெண்டு பெயரும் ஒன்றாகி, ஒரு மயில்மேல் இன்னொன்று உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, அசல் அச்சகத்திலேயே பத்திரமாக இருந்தது. ரெண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். ஆங்கிலத்தில் சின்னதாகப் பெயர் வைக்கிற யாரும் பிடித்தே இருக்க முடியாத பிழை. அதற்காக அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, இனிமேல் பெயரைச் சுருக்கமாக வைக்கலாமே என்றும் சொன்னேன்.

"சுருக்கிப்புட்டா, ஓனர் எந்த மயிலை வேண்டாம்னாருன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

ஒரு தலை குறைந்தது

முருகேசன் சிவகாசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். ஒருநாள் காலை பத்தரை மணிக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து பேசினார். வேறு வேலையாக அங்கே போயிருந்த இடத்தில் ஒரு அறை வெடித்துத் தீப்பிடித்துவிட்டது. எல்லோரும் காட்டுக்குள் ஓடித் தப்பிவிட்டார்கள். ரெண்டு பேருக்குக் கையில் காயம். ஆனால் போர்மேன் எண்ணியபோது ஒரு தலை குறைந்தது. முத்துலட்சுமி என்கிற அக்காவைக் காணோம். பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஓடிவந்த அவர் புருஷன், எரிகிற அறைக்குள் போகிறேன் என்று திமிறுகிறார். நாலு பேர் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

காலையில் வந்தவர்களின் கைரேகைப் பதிவு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. வெடிச்சத்தத்தோடு கரண்ட் போனதில் அது படுத்துவிட்டது. ஜெனரேட்டரில் போட்டும் டிஸ்க் திறக்கவில்லை. "ரிப்பேர் ஓட்டவாக்கா?" என்றார் முருகேசன். வேண்டவே வேண்டாம் என்றேன். பழுது பார்க்கும்போது டிஸ்க்கில் எழுதுவோம். எழுதினால் கடைசியாகப் பதிந்தது போய்விடலாம். எதையும் எழுதாமல், கிடப்பதைக் கிடக்கிறபடியே படிக்க எங்கள் லைப்ரரியில் ஒரு வழி உண்டு. என்ன அடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். டிஸ்க் திறந்தது. அகரவரிசையில் இருந்த பெயர்களை முருகேசன் சத்தமாகப் படித்தார்: "முத்துச்செல்வி, முத்துப்பேச்சி, முத்துமாரி..." ஒரு நொடி நிறுத்தி, "முனியம்மா." அப்புறம் போனைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணே, உள்ள போகாதீக! அக்கா இன்னிக்கி வேலைக்கே வரலை!" என்று கத்திக்கொண்டே ஓடினது எனக்குக் கேட்டது.

சாயங்காலம் முத்துலட்சுமியக்காவே என்னிடம் பேசினார்.

"பல்லு வலின்னு ஆசுபத்திரிக்குப் போக சாத்தூர்லயே பஸ்ஸை விட்டு எறங்கிட்டேன்மா. வந்து பார்த்தா எம்புருசன் ரோட்டுல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காக!"

போலந்துக்காரர்

அந்த 'எழுதாமல் படி' வழியை எழுதியது நான் இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன் போலந்திலிருந்து ஒருவர் அனுப்பினார். இது யாருக்குத் தேவைப்படப்போகிறது என்று ஒரு மாசம் அதைத் தொடாமலே வைத்திருந்தேன். அவர் விடாமல் மூன்று தடவை நினைவூட்டியதால் சேர்த்தேன். நடந்ததையெல்லாம் அவருக்கு எழுதி, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். அவருக்குப் பால் பண்ணையில் வேலை என்பதே பதில் வந்தபோதுதான் தெரியும்.

"எங்கள் பண்ணைக் கம்ப்யூட்டர் கெட்டபோது மாடுகளின் பட்டியலைக் காப்பாற்றத்தான் அதை எழுதினேன், அந்த அம்மாவின் பல் இப்போது எப்படி இருக்கிறது?"

முகம் தெரியாதவர்கள் அனுப்பும் நாலு வரியை நம்பிப் பிழைப்பது என்ன தொழில் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இதைவிடக் குறைந்த விசாரணையில்தான் அவர்கள் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள்.