போலிஷில் கேட்டால் கைதட்டுவார்கள்

கழிவறை எங்கே என்று எனக்கு ஆறு மொழிகளில் கேட்கத் தெரியும். தமிழ், கன்னடம், உருது மூன்றும் பெங்களூர் ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தானாக வந்துவிடும். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றாலே போதும், மூன்றிலும் சண்டை போடக் கற்றுக்கொள்ளலாம். போலிஷ், ஜெர்மன், செக் மூன்றையும் சொல்லிக்கொடுத்தவர் என் மேடம். எதற்காகச் சொல்லிக்கொடுத்தார் என்று புரிகிறவரை எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

மேடத்தின் அம்மாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சரியாக வேலை செய்யாமல் போனதால், படுக்கையிலிருந்து எழுப்புவது முதல் இரவு படுக்கவைப்பது வரை எல்லாம் நான்தான். வீடு தொம்மலூரில், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது தளத்தில். அந்த வீட்டில் மூன்று கழிவறைகள். பெரியம்மாவை அங்கே உட்காரவைப்பேன், கழுவிவிடுவேன், துடைத்துவிட்டுத் தோளில் சாய்த்துக் கூட்டிவருவேன். எனக்கு வந்தால் மட்டும் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். அங்கே ஜெனரேட்டருக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கென்று ஒன்று கட்டியிருந்தார்கள். தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டடத்தில் எந்த வீட்டிலும் வேலைக்காரி கழிவறையைப் பயன்படுத்தக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் நாங்கள் யாரும் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டோம்.

மேடத்துக்கு ஆபீஸ் வேலையாகப் போலந்துக்கு மாற்றல் வந்தது. தனியாக இருக்க மாட்டேன் என்று பெரியம்மா அழுததால், ஒரு குளிர்காலத்துக்கு அவரையும் என்னையும் அங்கே கூட்டிப்போனார். கிளம்புவதற்கு முன்னால் மேடம் என்னை சோபாவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோலப் பொறுமையாகச் சொல்லித்தந்தார்.

“ப்ஷெப்ராஷம், க்ஜே யெஸ்ட் டொலெட்டா? எங்க, நீ சொல்லு பாக்கலாம்.”

சொன்னேன். மேடம் வாய்விட்டுச் சிரித்தார். “சூப்பர்! உன் நாக்குக்கு அப்படியே ஒட்டிக்குது.” விமானம் மாறுகிற இடத்துக்காக ஜெர்மனும், ஊர் சுற்றப் போனால் ஆகும் என்று செக்கும் சேர்த்துக் கொடுத்தார். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். என் தங்கைகளிடம் பீற்றிக்கொண்டேன். ஒரு மனுஷி எனக்காக உட்கார்ந்து இத்தனை சிரத்தை எடுத்துக்கொண்டாரே என்று மனம் குளிர்ந்துபோயிருந்தது.

போலந்தில் கிராக்கோ நகரத்தில் இறங்கிய மறுநாள் காலையில் விஷயம் விளங்கியது. அந்த வீட்டில் ஒரே ஒரு பாத்ரூம்.

“குளிக்கறதுக்கு யூஸ் பண்ணிக்கோ. நைட்ல வந்தாலும் போ, அப்புறம் லோஷன் போட்டுத் தேச்சு விட்டுடு. பகல்ல மட்டும் கீழ காபி கடை இருக்கு பாரு, அங்க போயிக்கோ. அம்மாவுக்கு இன்ஃபெக்ஷன் ஆயிடும், தப்பா நெனச்சுக்காத,” என்றார் மேடம். “கேக்கத்தான் உனக்குத் தெரியுமே!”

அந்தக் குளிரில் பெரியம்மாவைத் தூங்கவைத்துவிட்டு, மேடத்தின் பழைய கோட்டைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு கீழே ஓடுவேன். அங்கே கதவில் பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்கு முக்கோணம் வரைந்திருப்பார்கள். முதல் நாள் முக்கோணத்துக்குள் போய், ஒரு ஆளின் கத்தலைக் கேட்டுத் திரும்பி ஓடிவந்தேன். அப்புறம் பழகிவிட்டது. கடைக்காரப் பெண்மணியிடம் நான் ஒவ்வொரு தடவையும் அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்வேன். வழி தெரிந்த பிறகும் கேட்காமல் போனதில்லை, கேட்காமல் உள்ளே போகிற பழக்கம் எனக்கு எந்த ஊரிலும் வரவில்லை. ஒருநாள் அவள் மாடியைக் காட்டி, இரண்டு கைகளாலும் எதையோ ஒடிப்பதுபோலக் காட்டினாள். வீட்டில் உடைந்துவிட்டதா என்று கேட்கிறாள். ஆமாம் என்று தலையாட்டினேன். நாங்கள் ஊர் திரும்புகிறவரை அது உடைந்தே கிடந்தது.

பெங்களூருக்கு வந்ததும் என் போலிஷ் வீட்டு விருந்தாளிகளுக்கான வேடிக்கையாகிவிட்டது. யார் வந்தாலும் பெரியம்மா ஆரம்பித்துவிடுவார். “ஏம்மா, அந்த பாஷைல ஒரு தடவ சொல்லு!” நான் சொல்வேன். கைதட்டுவார்கள். “பாருங்க, எங்க வீட்டு ஆயாவே இண்டர்நேஷனல்,” என்பார் மேடம். சிலர் போனில் படம் பிடிப்பார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். வேலையில் அதுவும் ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

பெரியம்மாவின் பிறந்தநாள் அன்று சமையலுக்கும் உபசாரத்துக்கும் என்னைப் பிடித்துக்கொண்டதில் காலையிலிருந்து கீழே போகவே முடியவில்லை. வேலைக்காரர்களுக்கான லிஃப்ட் வேறு பழுதாகிக் கிடந்தது. வீட்டுக்காரர்களின் லிஃப்டில் நாங்கள் ஏறக் கூடாது. சாயங்காலம் கூடம் நிறைய ஆட்கள் இருந்தபோது எனக்கு அடிவயிறு கல்லாகிவிட்டது. கேக் வெட்டி முடிந்ததும் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார்.

போலிஷில் சொன்னேன். கைதட்டினார்கள். ஜெர்மனில் கேட்டார்கள். அதையும் சொன்னேன். செக்கில் சொல்லும்போது கால்களைப் பின்னிக்கொண்டு நின்றேன், அதையும் நடிப்பென்று நினைத்து ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. மேடத்தின் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன்.

“மேடம், நெஜமாவே தாங்க முடியல. லிஃப்ட் வேற இல்ல. இன்னிக்கு ஒரு நாளு இங்கயே போயிக்கறேனே.”

மேடத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. “கெஸ்ட் எல்லாம் யூஸ் பண்றாங்கல்ல? படில போயிட்டு வா, ப்ளீஸ். சீக்கிரம் வந்துடு, ஐஸ்கிரீம் குடுக்கணும்.”

பக்கத்தில்தான் பெரியம்மா இருந்தார். என் தோளில் சாய்ந்து அன்றைக்கு மூன்று தடவை அந்தக் கழிவறைக்குப் போய்வந்தவர். அவர் வாயைத் திறந்திருந்தால் அம்மாவின் பேச்சை மேடம் தட்டியிருக்க மாட்டார். பெரியம்மாவோ தன் தட்டிலிருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது மாடியிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நான்காவது மாடிவரை தாக்குப்பிடித்தேன். அதற்குமேல் என்னால் ஆகவில்லை. நின்ற இடத்திலேயே, நாற்பது வயதைத் தாண்டிய பெண், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. விசேஷத்துக்காக மேடம் கொடுத்த புடவை அது. துடைக்கக்கூட என்னிடம் துணியில்லை. மேலே யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கீழ்க் குழாயில் புடவையை அலசிக்கொண்டு, ஈரத்தோடு மேலே ஏறி ஐஸ்கிரீம் கொடுத்தேன். பெரியம்மா என் புடவைத் தலைப்பிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பெரியம்மாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். மேடம் காபியோடு வந்து போனைப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். “சே! அபார்ட்மெண்ட் குரூப்ல போட்டோ போட்டிருக்காங்க. ஃபோர்த் ஃப்ளோர் படியில யாரோ அசிங்கம் பண்ணி வச்சிருக்காங்களாம்.”

பெரியம்மா என்னைப் பார்த்தார். அவசரமாக மென்று விழுங்கினார்.

“ஏதாவது நாயா இருக்கும்டி. இங்கதான் ஆளாளுக்கு நாய் வளக்கறாங்களே.”

சொல்லிவிட்டு, மேடத்துக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். என்னைக் காப்பாற்றிவிட்டாராம். அந்த ஒரு கண் சிமிட்டலில் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. முந்தின நாள் எனக்காக மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அன்றைக்கு இல்லாத வாய் இன்றைக்கு என்னை நாயாக்கத் திறந்துகொண்டது.

“நாய் இல்ல மேடம்,” என்றேன். “நான்தான்.”

மேடம் முதலில் வாசற்கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இத யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. நம்ம ஃபிளாட் பேரு என்னாகறது?”

என் எதிரிலேயே போனை எடுத்து டைப் செய்தார். நான் பார்க்கட்டும் என்று திரையை என் பக்கம் திருப்பியும் காட்டினார். நாய் வளர்க்கிறவர்களுக்கு அபராதம் போட வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் படித்து முடிப்பதற்குள், ஆமாம் ஆமாம் என்று அதன் கீழே கட்டைவிரல்கள் வந்து விழ ஆரம்பித்தன.