எந்தக் கொம்பையா?

கோவில்பட்டியில் உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஆறு பேர். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்குப் பருத்திக் கொள்முதல் மென்பொருள் செய்கிறோம். நான் எழுதுவேன், பக்கத்து நாற்காலி கொம்பையா அண்ணாச்சி அதைச் சோதித்துப் பார்ப்பார். அவரைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. பரவாயில்லை, கோபத்தோடேயே சொல்கிறேன்.

வயது நாற்பத்து நான்கு. தீப்பெட்டி ஆபீஸில் பதினெட்டு வருஷம் பில் அடித்தவர். ஆபீஸ் என்றால் எங்கள் ஊரில் தொழிற்சாலை. அது மூடியதும், மகளின் கல்லூரிப் புத்தகத்தைப் பார்த்துப் படித்து இங்கே வந்து சேர்ந்தார். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி அய்யாத்துரை சொல்லியிருந்தார். அண்ணியோ முதல் மாதமே, வேலை நிரந்தரம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ஆக, வேலை போனால் மானமும் சேர்ந்து போகும்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். அண்ணாச்சி ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருந்தார். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு அது. அதைத் தட்டிவிட்டால் எல்லாம் தானாக ஓடும், எல்லாம் பாஸாகும். அனுப்பினால் கோயம்புத்தூரில் நாற்பத்தொன்று ஃபெயில். மூன்று தடவை இப்படி.

மூன்றாம் தடவை முதலாளி எங்கள் மேஜைக்கே வந்தார். "கொம்பையா, வர்ற வெள்ளிக்கிழமையும் இப்படின்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இங்கன பாஸாகுதுல்லா. அவிய மெஷின்லதான் ஏதோ கோளாறு" என்று என்னிடம் புலம்பினார் அண்ணாச்சி. எனக்கும் அப்படி நம்புவது வசதியாகத்தான் இருந்தது. ஃபெயிலான அத்தனையும் நான் எழுதிய பகுதி.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நாகலாபுரம் பக்கம் இருக்கிற அவர் ஊரில் கோயில் கொடைத் திருவிழா. புதன்கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அவர் ஊரில் தலைப்பிள்ளைக்குக் குலசாமி பெயர்தான் வைப்பார்கள். கொம்பையா மட்டும் ஐந்து பேர். மில் கொம்பையா, டிராக்டர் கொம்பையா என்று அடையாளம் சொல்லிக் கூப்பிடுவார்கள். இவர் கம்ப்யூட்டர் கொம்பையா. கொடை நோட்டீஸ் முழுவதும் அடித்துக் கொடுத்ததற்காக இவருக்குச் சால்வை போர்த்துவதாக ஏற்பாடு. மைக்கில் "கொம்பையா மேடைக்கு வரவும்" என்றிருக்கிறார்கள். மேடையை ஒட்டி நின்ற டிராக்டர் கொம்பையா ஏறி, சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

"எந்தக் கொம்பையான்னு சொல்ல வேண்டாமா? வெறுமனே கொம்பையான்னா முதல்ல நிக்கவன்தான வருவான். அவனைக் குத்தம் சொல்லி என்ன செய்ய?"

எனக்குச் சுருக்கென்று உறைத்தது. "அண்ணாச்சி, ஒங்க ஸ்கிரிப்டைத் திறங்க."

என் நிரலை ஓட்டுவது பைத்தான் என்கிற மென்பொருள். அவருடைய கணினியில் அது இரண்டு பதிப்பாகக் கிடந்தது, பழைய 3.8, புதிய 3.12. கோயம்புத்தூரில் 3.12 மட்டும்தான். அண்ணாச்சியின் ஸ்கிரிப்டிலோ வெறுமனே பைத்தான் என்றிருந்தது. கணினி தேடிப்போகிற பாதையில் எது முதலில் நிற்கிறதோ அதுதான் வரும். இத்தனை நாளும் பழையது வந்து, என் பழைய பாணிக்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறது.

அண்ணாச்சி திரையையே பார்த்தார். "அடப்பாவி, இங்கயும் டிராக்டர்க்காரனா?"

புதியது இருக்கும் இடத்தை முழு விலாசமாக எழுதினார். வந்திருப்பது 3.12 இல்லையென்றால் ஒன்றையும் ஓட்டாமல் நின்றுவிடும்படி மேலே இரண்டு வரியும் சேர்த்தார். தட்டிவிட்டார். நாற்பத்தொன்று ஃபெயில்.

"ஏம்மா பிரேமா, இப்ப இது ஒன் தலையிலல்லா விழுது" என்றார். ஃபெயிலைப் பார்த்து ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எரிச்சலாக வந்தது. இரண்டு நாள் டீ குடிக்கக்கூட எழாமல் திருத்தினேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சரி, அடுத்து?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை அனுப்பினோம். கோயம்புத்தூரிலும் எல்லாம் பாஸ்.

நிரந்தரக் கடிதம் வீட்டுக்குத் தபாலில் போனால்தான் மரியாதை என்பது முதலாளியின் கொள்கை. விலாசம் எழுத ஒரு படிவம் கொடுத்தார். அண்ணாச்சி ஒரே நிமிஷத்தில் எழுதி நீட்டிவிட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் அவருக்குப் போன் வந்தது. கை நிறையச் சாம்பார் சாதம், அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே கம்ப்யூட்டரு, டிராக்டர் பேசுதேன். ஒங்க ஆபீஸ்ல எனக்கு வேலை நிரந்தரம்னு கடுதாசி வந்திருக்கு. ஊருக்கெல்லாம் மிட்டாய் குடுத்தாச்சு. என்னைக்கு வரணும்?"

நான் எழுந்துபோய்ப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அப்பா பெயர் காலி. கதவு எண் காலி. பெயர் என்ற இடத்தில், அவருடைய அழகான கையெழுத்தில், வெறுமனே கொம்பையா.

அதை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு போன் பக்கம் குனிந்து சொன்னார்.

"நாளைக்கே வாலே. வரும்போது அந்தச் சால்வையையும் எடுத்துட்டு வா."