இரண்டாவது பக்கெட்

ஷார்ஜாவில் நான் வேலை பார்க்கும் கட்டடத்துக்குக் கீழே நிற்கிற கார் ஒன்றில், தூசி மேல் யாராவது விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனால் நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். நம் ஊரில் தூசி படிந்த கண்ணாடியைப் பார்த்தால் பிள்ளைகள் பேர் எழுதுவார்கள், இதயம் வரைந்து அம்பு விடுவார்கள், வண்டிக்காரரும் ஒரு வாரம் அந்த அம்போடேயே விழுப்புரம் வரை போய்வருவார். இங்கே அழுக்கு வண்டியைத் தெருவில் நிறுத்திவைத்தால் அபராதச் சீட்டு ஒட்டிவிடுவார்கள். சரி, கழுவித் தொலைக்கலாம் என்று பைப்பை எடுத்துத் தெருவில் தண்ணீரை ஓடவிட்டால் அதற்கும் அபராதம். வண்டியும் அழுக்காக இருக்கக்கூடாது, கழுவின தண்ணீரும் தரையில் தெரியக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் பல வருடங்களாக என் சோறு வெந்துகொண்டிருக்கிறது.

பைப் இல்லை என்றால் பக்கெட்தான். பக்கெட்டில் கழுவுவது பெரிய வித்தையா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் வந்த புதிதில் அப்படித்தான் சிரித்தேன். இந்த ஊர்த் தூசி வெறும் தூசி இல்லை, மாவு மாதிரி சலித்த மணல். துணியில் ஒட்டி, துணியோடு பக்கெட்டுக்குள் போய், சோப்புத் தண்ணீரோடு மறுபடி கார்மேல் ஏறும். கழுவுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பெயின்ட்டைத் தேய்த்துக்கொண்டிருப்போம். கறுப்பு வண்டியாக இருந்தால் மறுநாள் வெயிலில் வட்டவட்டமாகக் கீறல் தெரியும். ஓனர் அதை போட்டோ எடுத்து கம்பெனிக்கு அனுப்பினால் நம் கதை முடிந்தது. அதனால் இரண்டு பக்கெட். ஒன்றில் சோப்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியைக் காரில் ஓட்டியதும் முதலில் வெறும் தண்ணீரில் அலசி மணலை விட்டுவிட வேண்டும், அப்புறம்தான் சோப்பில் முக்க வேண்டும். வெறும் தண்ணீர் பக்கெட்டின் அடியில் கீரை அலசும் பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருப்பேன். மணல் ஓட்டை வழியாக அடியில் இறங்கி உட்கார்ந்துவிடும், கையும் துணியும் அதைக் கலக்காது. சக்கரத்துக்குத் தனித் துணி, அதுவும் கடைசியில்தான். துணி கீழே விழுந்துவிட்டால் எவ்வளவு புதுசாக இருந்தாலும் அன்றைக்கு அதற்கு வேலை கிடையாது.

ஒருநாள் காலை, மணல் அடங்கட்டும் என்று பக்கெட்டையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். கட்டடத்தில் குடியிருக்கும் அரபி அம்மா ஒருவர் நின்று, என்னமோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, மோதிரமா என்று இந்தியில் கேட்டார். நானும் எனக்குத் தெரிந்த இந்தியில் "மணல்" என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த ஊரில் மணலைத் தேடுகிற முதல் ஆள் நீதான் என்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே போனார். சற்று நேரத்தில் அவர் வீட்டு வேலைக்காரப் பெண் ஒரு மோர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டதாக முடிவு கட்டியிருக்கிறார். விளக்கிச் சொல்ல எனக்கு மொழி போதவில்லை, மோர் நன்றாக இருந்தது, குடித்துவிட்டேன்.

என் சொந்த ஊர் பனமலைப் பக்கம். அங்கே வண்டி கழுவ பக்கெட்டே கிடையாது. டிராக்டரோ டாட்டா ஏசியோ, ஏரிக்குள் முழங்கால் தண்ணீர் வரை இறக்கிவிட்டால் போதும், அழுக்கை ஏரி பார்த்துக்கொள்ளும். அந்த ஏரியை நினைத்து நான் உருகுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பாதி வருடம் வெடித்துக் கிடக்கும். தண்ணீர் இருக்கிற காலத்தில் வண்டியின் ஆயிலும் சேறும் மாட்டின் சாணமும் ஒன்றாக மிதக்கும், அதிலேயே குளித்துவிட்டும் வருவோம். அழுக்கு எங்கே போகிறது என்று கேட்கிற பழக்கம் எனக்கு ஊரில் வந்ததில்லை, இங்கே வந்துதான் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டது போகவும் மாட்டேன் என்கிறது. அதுதான் என்னைக் கெடுத்தது.

போன தடவை ஊருக்குப் போனபோது திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்துதான் போனேன். என் மனைவி செல்வியும் அதையேதான் சொன்னாள். "இனிமே ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப என்னைக் கூப்புடாதீங்க, நான் வர மாட்டேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். செல்வியின் ஊர் திண்டிவனம். அவள் தம்பி ஏழுமலை, திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற ரோட்டில், போர்வெல் போட்ட ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து வைத்திருந்தான். தகரக் கூரை போட்டு, தரைக்கு சிமெண்ட் பூசி, 'ஷார்ஜா வாட்டர் வாஷ்' என்று போர்டு எழுதி மாட்டினான். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. விட்டுத் தொலைத்த ஊரை ஏன் தலைக்கு மேல் மாட்ட வேண்டும் என்று கேட்டேன். "மாமா, நீங்க சும்மா இருங்க. ஷார்ஜான்னு போட்டாத்தான் வண்டிய நிறுத்துவான்" என்றான். அவன் சொன்னது சரி. வண்டிகள் நின்றன. நின்ற வண்டிகளை விரட்டிவிட்டது நான்.

நான் என் வழக்கப்படி இரண்டு பக்கெட்டை வாசலில் வைத்தேன். சோப்பு பக்கெட் ஒன்று, நல்ல தண்ணீர் பக்கெட் ஒன்று. முதல் நாளே ஒரு பெரியவர் மகனுடைய காரில் வந்து இறங்கினார். மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, போட்ட கொல்லையிலிருந்து நேராக வந்திருக்கிறார், முழங்கால் வரை செம்மண். இறங்கினவர் சுற்றிப் பார்த்தார், தெளிந்த தண்ணீர் நிறைந்த பக்கெட்டைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கால் கழுவிக்கொண்டார். நம் பக்கத்தில் வாசலில் தண்ணீர் வைத்திருந்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? முகத்தையும் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டு, "நல்ல பழக்கம்ப்பா. ஒரு சொம்பு வெச்சுட்டீன்னா வசதியா இருக்கும்" என்றார். வயசில் பெரியவர், வாயார மெச்சுகிறார், அவரிடம் நான் என்ன சொல்ல? "வெச்சுர்றேங்க" என்றேன். பக்கெட் முழுக்கச் செம்மண். கொட்டிவிட்டு வேறு பிடித்தேன். அடுத்த காரில் வந்த டிரைவரும் கழுவிக்கொண்டார். அவர் வாயும் கொப்பளித்தார். பக்கெட்டை உள்ளே தள்ளி வைத்தால் உள்ளே தேடி வந்து கழுவினார்கள். கூடையைத் தூக்கிப் பார்த்து, "இது எதுக்கு, மீன் போடறதுக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

கால் கழுவினதுகூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். அவர்களுக்கு என் கழுவல்தான் பிடிக்கவில்லை. நான் மேலிருந்து கீழே, ஒவ்வொரு பக்கமாக, துணியை அலசி அலசித் துடைப்பேன். பாண்டிச்சேரிக்குப் போகிற அவசரத்தில் இருப்பவருக்கு இதைப் பார்த்தால் எரிச்சல் வராதா? "இன்னாங்க இது, கொழந்தைக்கு ஒடம்பு தொடைக்கிற மாதிரி தொடைச்சிக்கினு இருக்கீங்க? பைப்ப வெச்சு ஜல்தியா அடிச்சு உடுங்க" என்றார் ஒருவர். பைப் பக்கத்திலேயே இருந்தது. போரில் தண்ணீரும் இருந்தது. ஏழுமலை மோட்டாரைப் போடுவான், நான் திறப்பேன். தண்ணீர் தரையில் ஓட ஆரம்பித்ததும் என் கை தானாகப் போய் மூடிவிடும். யாரும் சீட்டு ஒட்ட வரப்போவதில்லை என்று தெரியும். திண்டிவனத்தில்தான் நிற்கிறேன் என்றும் தெரியும். கைக்கு அது தெரியவில்லை. தண்ணீர் காட்டாமல் கழுவினால் அது கழுவினதாகவே நம் ஊரில் கணக்கில்லை. நாலு பக்கமும் தெறித்து, ரோடு வரை நுரை ஓட வேண்டும். அப்போதுதான் கொடுத்த காசுக்கு மனசு ஆறும். கீறல் விழாது என்று நான் சொன்னால், "கீறல் உழாத வண்டி ஏதுங்க நம்ம ரோட்டுல?" என்று திருப்பிக் கேட்டார்கள். நான் துணியை அலசப் போய்விடுவேன்.

கொஞ்சம் கொஞ்சமாக வண்டி நிற்பது குறைந்தது. எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் போர்டை நானே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அதிகமாயின. செல்வி சாப்பாடு கொண்டுவருவாள், காலி இடத்தைப் பார்ப்பாள், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கோட்டக்குப்பத்து நசீர் பாய், என்னோடு இங்கே ஷார்ஜாவில் ஒரே அறையில் இருப்பவர், அந்தச் சமயத்தில் போன் செய்தார். "பழனி, உன் எடத்துக்கு இன்னும் ஆள் போடல. வர்றதுன்னா சொல்லு, இல்லன்னா உட்டுடு. பேஜாரு பண்ணிக்காத" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். செல்வி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள், ஏர்போர்ட்டுக்கு வரவில்லை.

நான் இங்கே திரும்பி வந்த பிறகு ஏழுமலை பிரஷர் பம்ப் வாங்கினான். நுரை கக்கும் துப்பாக்கி ஒன்று, வேலைக்கு இரண்டு ஆள். எல்லா வண்டிக்கும் ஒரே துணி, சக்கரத்தைத் துடைத்த கையோடு பானெட். கூட்டம் அள்ளிக்கொண்டு போகிறது. வீடியோ அனுப்புகிறான், நுரை ரோடு வரை ஓடுகிறது. மத்தியானத்தில் கல்லாவில் உட்காருவது செல்விதான். என் இரண்டு பக்கெட்டில் ஒன்று டிரம்முக்குப் பக்கத்தில் சொம்போடு இருக்கிறது, வருகிறவர்கள் கால் கழுவ. எனக்குச் சந்தோஷமா என்று கேட்காதீர்கள். வீடு நிமிர்ந்துவிட்டது, அதில் பொய்யில்லை. ஆனால் நான் இருந்தவரை படுத்துக் கிடந்தது நான் போனதும் எழுந்து ஓடினால், அதைப் பார்த்துக் கைதட்ட என்னால் முடியவில்லை.

இந்த வருடம் லீவு வந்தது. வந்து தங்கிவிடட்டுமா என்று செல்வியிடம் கேட்டேன். "இப்ப வேணாங்க. நல்லா போய்க்கினு இருக்குது. நீங்க வந்தா அவன் கழுவறதப் பாத்துக்கினு சும்மா இருக்க மாட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பதமாகச் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் லீவு வேண்டாம் என்றேன். பாகிஸ்தான்காரர், நல்ல மனுஷன். எழுந்து கை கொடுத்தார். "இந்த ஊர் உனக்குப் பிடித்துவிட்டது, இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டி, இவனைப் போல இருக்க வேண்டும் என்றார்.

ஆயுத பூஜைக்கு ஏழுமலை கடையை அலங்காரம் செய்தான். ஷார்ஜா முதலாளி என்று காட்ட, கூலிங் கிளாஸ் போட்ட என் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தான். வேலையாட்கள் பம்புக்குச் சந்தனம் வைத்தார்கள், மோட்டாருக்குப் பொட்டு வைத்தார்கள், சாமி படங்களுக்கு எல்லாம் மாலை போட்டார்கள். போட்டுக்கொண்டே வந்த கை, என் படத்துக்கும் ஒன்று போட்டுவிட்டது. ஊதுபத்தியும் செருகியிருக்கிறது. செல்வி சமையலில் இருந்தவள் கடைக்கு வருவதற்குள் பாதி நாள் ஓடிவிட்டது. பார்த்ததும் மாலையைப் பிய்த்தெறிந்து, ஆட்களைத் திட்டித் தீர்த்து, படத்தையே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். மறைக்கத் தெரியாதவள், சாயங்காலம் போனில் என்னிடமே சொல்லி அழுதாள். நான் சிரித்துச் சமாளித்தேன். பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த நசீர் பாய் சிரிக்கவில்லை.

அழுகை அடங்கினதும் செல்வி இன்னொன்றும் சொன்னாள். காலையில் மாலையோடு படத்தைப் பார்த்துவிட்டுப் போன ஒரு வாடிக்கையாளர், வண்டியை எடுக்க வந்தவர், கல்லாவில் இவளைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாராம்.

"எப்பம்மா ஆச்சு? ஒடம்ப இங்க கொண்டாந்தாங்களா, அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்களா?"

"ஐயோ, இல்லீங்க. அவரு உசுரோட ஷார்ஜாலதான் இருக்காரு."

"அப்பிடியா, நல்லா இருக்கட்டும். அப்ப ஏம்மா ஊருக்கு வர்ல?"

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"வண்டி ரெடியாய்டுச்சின்னு சாவிய எடுத்துக் குடுத்துட்டேன்."