பூனையின் தட்டு

தக்கலையில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழே இருந்தவர் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். உயரமானவர், வாசல் எவ்வளவு உயரமாக இருந்தாலும் குனிந்துதான் நுழைவார். அவருடைய நான்கு வயது மகளே அவரை "மாமா" என்றுதான் அழைத்தாள். பொம்மை, சாக்லேட், சைக்கிள் எதற்கும் அவள் பக்கத்தில் வரவில்லை.

இன்வெர்ட்டர் பழுதென்று ஒருநாள் எலக்ட்ரீஷியனான என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது அடுக்களையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"மக்களே, அப்பாவுக்கு ஒத்தாசை செய்யியா?"

"மாட்டேன். எனக்குக் கால் நோவுது."

அவர் ஒரு சின்னத் தட்டைத் துடைத்துச் சோற்றுத் தட்டுகளின் மேல் வைத்தார்.

"அய்யே! அது பூனைக்கத் தட்டாக்கும்!" என்று ஓடி வந்து பிடுங்கினாள். "ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாது மக்களே. நீ சொல்லித் தா."

அடுத்து புட்டுக்குழலை நீட்டினார். அதட்டிக்கொண்டே வாங்கி அதன் இடத்தில் வைத்தாள். பிறகு கரண்டிகள், டம்ளர்கள்.

"நல்லா நடிக்கிறீங்க அண்ணே," என்றேன் மெதுவாக.

"நடிப்பா? எனக்க வீட்டுல எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா."

அதற்குள் அவள் அவர் விரலைப் பிடித்து இழுத்தாள். "மாமா வா, உப்பு எங்க இருக்குன்னு காட்டுகேன்."

அவர் பின்னாலேயே போனார். "மாமா" என்ற சொல் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.