சோயா சாஸ் ஊற்றாத கறி

ஊசி ஏற்றிய கையில் பிளாஸ்திரியோடு, அடுக்களை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. ராஜபாளையத்தில் டயாலிசிஸ் முடித்து பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த களைப்பு அவளுக்கு. ஆனாலும் பசிக்கிறது என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. என்ன வேண்டும் என்றேன்.

"நான் செய்வேன்ல, அந்தச் சீனாக்கார மாட்டுக்கறி. வெள்ளச் சோத்துல போட்டு."

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு சிங்கப்பூருக்கு வீட்டுவேலைக்குப் போனவள் அவள். நான் பேண்டேஜ் துணி நெய்கிற பட்டறையில் தறி பார்க்கிறவன். சிங்கப்பூரில் ஒரு சீனக் குடும்பத்தில் பழகிய சமையல் அது. லீவில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்வந்ததும் செய்வாள். மெல்லிசாகச் சீவிய கறியைச் சோளமாவில் பிரட்டி, அடுப்பை முழுசாக எரியவிட்டு இரும்புச் சட்டியில் வதக்குவாள். பிறகு இஞ்சி, பூண்டு, சோயா சாஸ், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை. குழம்பாக ஓடாது, கறித்துண்டுகளின்மேல் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். கறியில் இனிப்பா என்று முதல் நாள் முகம் சுளித்தேன். அடுத்த வாரம் நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது அங்கே வேலையில் இருக்கும்போதுதான் தெரிந்தது. ஒரே பெட்டியோடு திரும்பி வந்தாள்.

உப்பைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோயா சாஸ் முழுக்க உப்பு. அதை மட்டும் விட்டுவிட்டுச் சமைத்தேன். "நாருக்குக் குறுக்கால வெட்டுங்க. தீயக் கொறைச்சிராதிய," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் எடுத்து வெகுநேரம் மென்றாள். பிறகு தட்டை மெல்ல நகர்த்தினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்லங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சில மாதங்கள் கழித்து டாக்டர் தணிந்த குரலில், "இனிமே அவங்க ஆசப்பட்டதக் குடுங்க," என்றார். அதன் பொருள் எங்கள் இருவருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அவள், "அப்ப சோயா சாஸ் வாங்கிட்டுப் போவோம்," என்று சிரித்தாள். கடைக்குள் போய் அவளே பார்த்து எடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து மகளும் வந்திருந்தாள். கறி சரியாகப் பளபளத்தது. தட்டை நீட்டினேன். வாடை பட்டதும் என் மனைவிக்குக் குமட்டியது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் தட்டை எடுக்கப் போனபோது கையசைத்துத் தடுத்தாள்.

"ரெண்டு பேரும் சாப்புடுங்க. செத்த நேரம் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சாப்பிட்டோம். அச்சு அசலாக அவள் கைப்பக்குவம். "அதே மாதிரி வந்திருக்கா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். மகள் குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லை.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். ஊருக்கு வந்தால் அந்தக் கறியைத்தான் கேட்கிறாள். செய்துகொடுக்கிறேன். அவள் சாப்பிட்டு எழும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பிறகு கறியைத் தொடாமல், மிச்சமிருக்கிற சோற்றில் மோர் ஊற்றிக்கொள்கிறேன்.